முரகாமியின் சிவப்பு டிராகன்: இதைப் படம் என்று ஒப்புக்கொள்ளலாமா?

தூரிகைக்காரன் தொடங்கியது:

இந்தக் குழுவில் யாரும் இதுவரை பேசாத ஒரு படம். ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமி 2010ல் வரைந்தது. ஒன்பது பலகைகள், 3.6 மீட்டர் உயரம், 18 மீட்டர் நீளம். அக்ரிலிக்தான், ஆனால் ஒரே நிறம், சிவப்பு. முட்டைக் கண்களும் சுருட்டிய மூக்கும் நீண்ட மீசையுமாக ஒரு டிராகன் மேகத்துக்குள் புரண்டுகொண்டிருக்கிறது.

பெயரைக் கேளுங்கள். 'மேகங்களில் டிராகன் – சிவப்புத் திரிபு: நீயே ஒருமுறை எதையாவது வரைந்தால்தான் என்ன என்று பேராசிரியர் நொபுவோ சுஜி கேட்டதில் எரிச்சலடைந்து நானே வரைந்த வடிவம்.' சுருக்கவில்லை, படத்தின் தலைப்பே இதுதான். 24 மணி நேரத்தில் வரைந்து முடித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ரோம் நகரில் இதையும், இதே அளவில் நீலத்தில் வரைந்த ஜோடியையும் சேர்த்துக் காட்டினார்கள்.

சோகா ஷோஹாகு என்பவர் 1763ல் மையால் வரைந்த டிராகன்தான் இதற்கு மூலம். ஷோஹாகுவுக்கு மூலம் சீனா. எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பழைய படத்தைப் பெரிதாக்கிச் சிவப்படித்தால் அது புதுப் படம் ஆகிவிடுமா?

கடற்காகம்:

ஆகாது. இழையை மூடிவிடலாம்.

சரி, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். முரகாமி யார் என்று பாருங்கள். சிரிக்கிற பூ, மிக்கி மவுஸின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பொம்மை, 2003லிருந்து லூயி வித்தோன் கைப்பையில் வண்ண எழுத்து. கைகை கிகி என்று சொந்த நிறுவனம், அதில் சம்பளத்துக்கு உதவியாளர்கள். பேராசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வந்த பதில் ஷோஹாகுவின் நகல். கோபம் வந்தவன் சொந்தமாக ஒன்றை வரைந்திருக்க வேண்டாமா?

மையொற்றி:

தம்பி கடற்காகம், கோபமாகவே இருங்கள், ஆனால் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள். நான் மை ஓவியம் சொல்லிக்கொடுப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

ஷோஹாகு வரைந்தது சுவரில் மாட்டுவதற்கு இல்லை. ஃபுசுமா என்கிற காகிதச் சறுக்குக் கதவுகளுக்காக வரைந்தார். இன்று நம்மிடம் இருப்பவை எட்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.65 மீட்டர் உயரம். பாய் விரித்த அறையில் நீங்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே உங்களைவிடப் பெரிய ஒரு தலை. இந்தப் பக்கம் தலை, அந்தக் கோடியில் வால், நடு உடம்பைக் காணோம். யாராவது கதவைத் தள்ளினால் டிராகனும் நகரும். அறையே அதன் உடம்பு என்று ஆகிவிடுகிறது.

அப்புறம் அந்த மை. தாள் மையை உடனே குடித்துவிடும். அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. செதில் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கோட்டில் வரைந்தவர்கள் உண்டு. ஷோஹாகு அகலத் தூரிகையில் பாதி மையும் பாதி நீருமாக எடுத்து ஓர் இழுப்பில் ஒரு வளைவை முடித்திருக்கிறார். கை தடுமாறினால் கதவு வீண். அந்தப் பயம் படத்தில் துளியும் தெரியவில்லை. டிராகனின் முகமோ சிரிப்பு மூட்டுகிறது. பயங்கரமான ஜந்து, ஆனால் எதையோ மறந்துவிட்டுத் தேடுகிற மாதிரி ஒரு பார்வை.

இப்போது முரகாமிக்கு வருகிறேன். வழக்கமான முரகாமி படத்தில் தூரிகைத் தடத்தையே பார்க்க முடியாது. அச்சுத்திரை வழியாக நிறம் மேல் நிறம் ஏற்றி, கண்ணாடி போல் வழவழப்பாக்கி அனுப்புவார்கள். சிவப்பு டிராகனில் அது நேர்எதிர். சொட்டியிருக்கிறது, வழிந்திருக்கிறது, திட்டுத்திட்டாகத் தேங்கியிருக்கிறது. அவர் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் நிஹோங்கா என்கிற மரபு ஓவியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கை இத்தனை காலம் எங்கே இருந்தது என்றுதான் சுஜி கேட்டார். நகலா இல்லையா என்பதைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

புதுவரவு_நிலா:

மன்னிக்கவும், ஒரு அடிப்படைக் கேள்வி. டிராகன் சீனாவுடையது. ஜப்பானியர் வரைந்ததை இன்னொரு ஜப்பானியர் வரைகிறார். இதில் சீனா எங்கே வருகிறது? இந்தப் பேராசிரியர் சுஜி யார்?

தூரிகைக்காரன்:

நிலா, சுஜியைப் பற்றி நான் சொல்கிறேன், சீனாவுக்கு ஆற்றோரம் அண்ணா வருவார் என்று நினைக்கிறேன்.

நொபுவோ சுஜி ஜப்பானியக் கலை வரலாற்றில் பெரிய தலை. 1970ல் 'விசித்திரர்களின் மரபு' என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். அதுவரை ஓரத்தில் தள்ளப்பட்டிருந்த ஆறு ஓவியர்களை நடுவில் கொண்டுவந்து உட்காரவைத்தது அந்த நூல். ஷோஹாகு அவர்களில் ஒருவர், இட்டோ ஜாகுசூ, குனியோஷி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. முரகாமி தன் கலைக்கொள்கைக்கே அந்த நூலிலிருந்துதான் கடன் வாங்கினார். பிறகு ஒரு ஜப்பானியக் கலை இதழில் இருவரும் போட்டி போலத் தொடர் நடத்தினார்கள். சுஜி ஒரு பழைய ஓவியத்தை எடுத்துப்போட்டு எழுதுவார், முரகாமி அதற்குப் படத்தால் பதில் சொல்வார். சிவப்பு டிராகன் வந்தது அந்தச் சூழலில்தான். ஆக, அந்த எரிச்சல் பாதி உண்மை, பாதி நாடகம்.

ஆற்றோரம்:

நான் பாஸ்டன் பக்கம் பல வருடமாக இருக்கிறேன், அதனால் இந்தக் கதையில் எனக்கு ஒரு சொந்த ஆர்வம். காரணம், பாட்டன் படமும் அப்பன் படமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சென் ரோங் வரைந்த 'ஒன்பது டிராகன்கள்' சுருள் இருக்கிறது. 1244, தென் சோங் அரசின் காலம். 46 சென்டிமீட்டர் உயரம்தான், ஆனால் பல மீட்டர் நீளம். சென் ரோங் ஓர் அரசு அதிகாரி. குடித்துவிட்டு உரக்கக் கத்தி, தலைத்துணியை மையில் தோய்த்துத் தாளில் அடித்துவிட்டு, அப்புறம்தான் தூரிகையை எடுப்பார் என்று பழைய சீன நூல்கள் சொல்கின்றன. சுருளைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. மேகம் எது, அலை எது, பாறை எது என்று பிரிக்கவே முடியாது. அந்தக் கலங்கலிலிருந்து ஒரு தலை வரும், ஒரு நகம் வரும், மறுபடி மறையும்.

ஷோஹாகுவின் கதவோவியமும் அதே அருங்காட்சியகத்தில்தான். பிகலோ என்ற பாஸ்டன் மருத்துவர் 1882ல் ஜப்பான் போய் ஏழு வருடம் தங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார். மேற்கத்திய மோகத்தில் ஜப்பானியரே பழையவற்றைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்த காலம். அவர் சேகரிப்பு 1911ல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. கதவுச் சட்டத்திலிருந்து கழற்றிய தாள்களாகவே டிராகன் நெடுங்காலம் கிடந்தது. சீரமைத்த பிறகு 2012ல் டோக்கியோவில் காட்டியபோதுதான் ஜப்பானியர் அதை முழுசாகப் பார்த்தார்கள்.

நிலாவின் கேள்விக்கு வருகிறேன். மை டிராகன் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு ஜென் துறவிகளோடு போனது. முச்சி என்ற சீனத் துறவியின் டிராகன் ஒன்று கியோட்டோவின் தைதொகுஜி மடத்தில் இருக்கிறது, 1269ஆம் ஆண்டு என்று எழுதியிருக்கிறது. சொந்த நாட்டில் முச்சியை அவ்வளவாக மதிக்கவில்லை, ஜப்பானில் பொக்கிஷமாக வைத்துக் காப்பாற்றினார்கள். சீனாவின் டிராகனே கலவைதான். மான் கொம்பு, ஒட்டகத் தலை, பாம்புக் கழுத்து, கெண்டை மீன் செதில், கழுகு நகம், மாட்டுக் காது என்று பழைய சூத்திரம் ஒன்பது விலங்குகளைச் சொல்லும். பிறகு பௌத்தத்தோடு போன இந்திய நாகங்களும் அங்கே மழை தரும் டிராகன் அரசர்களோடு கலந்துவிட்டன.

கோபுரநிழல்:

நாகம் என்றதும் ஒன்று தோன்றுகிறது. நம் கோயில் தூண்களில் இருக்கும் யாளியும் கலவைதானே? சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. டிராகன் இங்கிருந்துதான் போயிருக்குமோ?

மையொற்றி:

வேண்டாம், கோபுரநிழல். சீன டிராகன் உருவம் பௌத்தம் போவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே இருந்தது. கலப்பு விலங்கு உலகத்தில் எல்லா ஊரிலும் உண்டு. யாளிக்குத் தனி இழை தொடங்குங்கள், நானே வந்து நான்கு பக்கம் எழுதுகிறேன்.

மெய்யான தொடர்பு வேண்டுமென்றால் வேறு இடத்தில் பாருங்கள். ஆற்றோரம் சொல்லும் அந்தப் பாஸ்டன் அருங்காட்சியகத்தின் கீழைக்கலைப் பிரிவில் பின்னாளில் பணிபுரிந்த ஒகாகுரா ககுஸோ 1902ல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு இருந்தார். அடுத்த ஆண்டு அவர் அனுப்பிய ஜப்பானிய ஓவியர்கள் தைக்கான், ஷுன்ஸோ இருவரும் வந்து அந்தக் குடும்பத்து ஓவியர் அபனீந்திரநாத்துக்கு ஈர வாஷ் முறையை, அதாவது ஈரத்தாளில் நிறத்தைக் கரைத்துப் பரவவிடும் முறையை, காட்டினார்கள். அபனீந்திரரின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929ல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவரானார். சென்னையில் வாஷ் படித்தவர்களுக்கு இந்த வம்சாவளி கொஞ்சம் உண்டு.

கடற்காகம்:

வரலாறு நன்றாக இருக்கிறது, நன்றி. ஆனால் வரலாறு நன்றாக இருப்பதால் படம் நன்றாகிவிடாது. நேராகக் கேட்கிறேன். மைக்குப் பதில் எதற்கு அந்தச் சிவப்பு? டிராகன் நீர் சார்ந்தது என்கிறீர்கள், மேகமும் மழையும் அதன் வீடு. சிவப்பில் போட்டதும் அது எனக்கு ஐரோப்பிய டிராகனாகத் தெரிகிறது. நெருப்பு கக்கும், வீரன் ஒருவன் குதிரையில் வந்து ஈட்டியால் குத்துவான். மரபை மறுஆக்கம் செய்கிறேன் என்று சொல்லி அதன் அடிப்படையையே மாற்றிவிட்டார். மேலை நாட்டுக் காட்சிக்கூடத்துக்கு அது வசதி.

செம்மண்_சித்திரன்:

சிவப்புக்குக் கீழை நாடுகளில் வேறு கணக்கு உண்டு அண்ணா. எடோ காலத்து (1603–1868) ஜப்பானில் பெரியம்மை வந்த வீட்டில் முழுக்கச் சிவப்பில் அச்சடித்த படங்களை ஒட்டுவார்கள். பேய் விரட்டும் ஷோகி, போதிதருமர் பொம்மை எல்லாம் அதில் வரும். சிவப்பு நோயை அண்டவிடாது என்று நம்பிக்கை. முரகாமி அதை நினைத்துத்தான் வரைந்தாரா என்பது வேறு, ஆனால் ஒற்றைச் சிவப்புப் படம் என்பது அவர் ஊருக்குப் புதிதில்லை.

இன்னொன்று, சென் ரோங்கின் சுருள் முழுக்கக் கறுப்பு என்று நினைக்கிறோம். அதிலேயே அங்கங்கே மெல்லிய சிவப்பு தொட்டிருக்கிறார். அந்தச் சிட்டிகைச் சிவப்பு 766 வருடம் கழித்து 18 மீட்டருக்குப் பரவியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் கவித்துவமாகப் போய்விட்டது, திட்டாதீர்கள்.

ஆற்றோரம்:

திட்டவில்லை, ஆனால் முரகாமி அந்தச் சிட்டிகையைத் தொடர்ந்தார் என்பதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை.

நான் கேட்க நினைத்தது வேறு. கடற்காகம் 'நகல்' என்கிறார். சென் ரோங் தன் சுருளில் எழுதிய குறிப்பிலேயே, சாவ் பாவின் ஒன்பது குதிரைகளையும் ஹுய்சோங் துறவியின் ஒன்பது மான்களையும் நினைவுகூர்கிறார். அவையிரண்டும் அவருக்கு முந்தைய காலத்துப் படங்கள். அதாவது 1244லேயே இது முந்தையவர்களுக்குப் பதிலாக வரைந்த படம். பிறகு சியென்லோங் பேரரசர் அதே சுருளில் தன் பாட்டையும் எழுதி முத்திரையும் குத்தினார். சீன மரபில் படம் முடிந்துபோன பொருளாக இருந்ததே இல்லை. வருகிறவர் எல்லாரும் அதில் பேசிவிட்டுப் போவார்கள். முரகாமியின் அந்த நீண்ட தலைப்பும் அந்த வகைதான், ஓரத்தில் எழுதவேண்டிய குறிப்பைப் பெயராகவே வைத்துவிட்டார்.

கடற்காகம்:

இந்த வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் இதை வைத்து எந்த நகலையும் காப்பாற்றிவிடலாமே? நாளைக்கு ஒருவர் அதையே பச்சையில் வரைந்தால் அதுவும் மரபின் உரையாடலா?

மையொற்றி:

எது காப்பாற்றாது என்று சொல்கிறேன். டிராகனை உருவமாக மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வேகத்தை விட்டுவிட்டால் காப்பாற்றாது. செதில், கொம்பு, மீசை எல்லாம் யாருக்கும் வரும், பச்சை குத்துபவர் கடையில் ஐந்து நிமிடத்தில் வரைவார்கள். சென் ரோங்கும் ஷோஹாகுவும் முரகாமியும் பகிர்ந்துகொள்வது, யோசிக்க நேரம் கொடுக்காமல் ஒரே மூச்சில் இறங்குகிற அந்தச் செய்கையை. முதலாமவர் தலைத்துணியில் செய்தார், அடுத்தவர் திருத்தவே முடியாத தாளில் செய்தார். முரகாமி தனக்குத் தானே ஒரு நாள் கெடு வைத்துக்கொண்டார். பல மாதம் பட்டறையில் மெருகேற்றும் ஆளுக்கு ஒரு நாள் என்பது பெரிய ஆபத்து. உங்கள் பச்சை டிராகன்காரரும் அப்படி இறங்கினால் நான் பார்க்கப் போவேன்.

முரகாமியிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. அக்ரிலிக் கான்வாஸின் மேலேயே நின்றுவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. அதனால் மேகம் காற்றாகத் தெரியாமல் திரவமாகத் தெரிகிறது. சில இடங்களில் ரத்தம். ஷோஹாகுவிடம் எதுவும் வரையாத தாள்கூட மூடுபனியாகிவிடும். முரகாமியின் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கிறது. 3.6 மீட்டர் உயரமும் எதிரே நிற்பவனை அடக்கப் பார்க்கிறது. உட்கார்ந்து பார்க்கிற நெருக்கம் போய்விட்டது.

காகிதக்கொக்கு:

தாமதமாக வருகிறேன். இவ்வளவு பேசிவிட்டு கொய்சுமி ஜுன்சாகுவை ஒருவரும் சொல்லவில்லையே! கியோட்டோவின் மிகப் பழைய ஜென் மடங்களில் ஒன்றான கென்னின்ஜி நிறுவப்பட்டு 800 ஆண்டு ஆனதற்காக 2002ல் அங்கே கூரையில் இரட்டை டிராகன் வரைந்தார். பரப்பு 108 பாய் அளவு. ஹொக்கைடோவில் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் தாளை விரித்து அதன்மேல் நடந்து வரைந்தார். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. மை, தாள், கூரை, எல்லாம் பழைய முறை. ஜென் மண்டபக் கூரையில் டிராகன் வைப்பதே நீர்த்தெய்வம் மரக்கட்டடத்தைத் தீயிலிருந்து காக்கும் என்றுதான்.

நேரில் பார்த்தேன். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றேன். ஒரு டிராகனின் நகம் சட்டத்தை மிதித்துக்கொண்டு படத்துக்கு வெளியே வருகிற மாதிரி இருக்கிறது. சமகால டிராகன் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கடற்காகம்:

இதோ! இதுதான் நான் தேடியது. வேலை இருக்கிறது, இடம் இருக்கிறது, காரணம் இருக்கிறது. எரிச்சல் தேவைப்படவில்லை.

தூரிகைக்காரன்:

ஆனால் காகிதக்கொக்கு, கொய்சுமி மரபுக்குள் நின்று வரைந்தார். அந்தக் கூரையில் வேறு எதை வரைய முடியும்? அதே கியோட்டோவில் மியோஷின்ஜி கூரையில் கானோ தான்யு பதினேழாம் நூற்றாண்டில் வரைந்த டிராகன் எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்க்கும். கொய்சுமி அந்த வரிசையில் கௌரவமாகச் சேர்ந்துகொண்டார். முரகாமிக்கு கோயிலும் இல்லை, காக்க வேண்டிய கட்டடமும் இல்லை. காட்சிக்கூடத்தின் வெள்ளைச் சுவரில் டிராகன் என்ன செய்யும் என்ற கேள்வி அவருக்கு மட்டும்தான் இருந்தது.

காகிதக்கொக்கு:

என்ன செய்தது? விற்பனைக்கு நின்றது.

தூரிகைக்காரன்:

ஹா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதுவரவு_நிலா:

சீனர்களே இன்று டிராகனை என்ன செய்கிறார்கள்? இதுவரை எல்லாமே ஜப்பான்.

செம்மண்_சித்திரன்:

சாய் குவோ சியாங் பார், நிலா. 1957ல் சுவான்ஜோவில் பிறந்தவர். தமிழ் வணிகர்கள் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை விட்டுப்போன அதே துறைமுகம். தாளின் மேல் வெடிமருந்தைத் தூவிப் பற்றவைத்து, எரிந்த தடத்தைப் படமாக வைப்பார். 1989லேயே, பழைய பிரெஞ்சு ஓவியர் செசான் வரைந்து வரைந்து தீராத செயின்ட் விக்டுவார் மலையில் நெருப்பு டிராகன் ஏறுவதாக ஒரு திட்டத்தை அப்படித் தாளில் வரைந்தார். 2025 செப்டம்பரில் ஒரு மலையாடை நிறுவனத்தோடு சேர்ந்து திபெத்தின் இமயச் சரிவில் நிஜமாகவே வெடித்துக் காட்டினார். உயர்மலைச் சூழலைக் கெடுத்துவிட்டார் என்று சீனாவிலேயே பெரும் எதிர்ப்பு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. தாளில் இருந்தவரை அருமையான டிராகன் அது.

மையொற்றி:

ஒரே நொடி, திருத்த முடியாது, விளைவு கையில் இல்லை. சாயின் தாள் ஓவியங்கள் சென் ரோங்கின் தலைத்துணிக்கு நேர் வாரிசு. மலையில் வெடித்ததை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஆற்றோரம்:

ஒரு தகவல். 2017 அக்டோபரில் பாஸ்டனில் முரகாமியையும் பழைய ஜப்பானிய ஓவியங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள், 2018 ஏப்ரல் வரை நடந்தது. தேர்வில் சுஜியும் பங்கு. நான் போயிருந்தேன். ஷோஹாகுவின் டிராகனைப் பார்த்துவிட்டு முரகாமியினுடையதற்கு வந்தால் முதலில் அளவு அசத்துகிறது, கொஞ்ச நேரத்தில் திகட்டுகிறது. திரும்பி ஷோஹாகுவிடம் போனேன். அங்கே ஒரு சிறுவன் டிராகன் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். முரகாமி முன்னால் எல்லாரும் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சாட்சியம்தான், எதற்கு என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

கடற்காகம்:

எனக்குச் சாதகமாக முடிவுசெய்துவிட்டேன்.

புதுவரவு_நிலா:

பாஸ்டன் போக வழியில்லாதவர்கள் எப்படிப் பார்ப்பது?

ஆற்றோரம்:

சென் ரோங், ஷோஹாகு இரண்டும் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன, பெரிதாக்கிப் பார்க்கலாம். சுருளை வலமிருந்து இடமாகப் பார். ஒரு கை அகலம் மட்டும் திரையில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நகர்த்து. அப்படித்தான் அந்தக் காலத்தில் மேசையில் விரித்துப் பார்த்தார்கள். மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

செம்மண்_சித்திரன்:

அக்கா, நான் ஞாயிற்றுக்கிழமை ஆறடி சார்ட் தாளை ஒட்டி ஒரு டிராகன் முயற்சி பண்ணப்போகிறேன். பெயின்ட் கடைப் பட்டை பிரஷ் போதுமா?

மையொற்றி:

பிரஷ் போதும், தாள் போதாது. சார்ட் தாளில் மை மேலேயே நிற்கும், நான் முரகாமியிடம் சொன்ன குறைதான் உனக்கும் வரும். கைத்தாள் கிடைத்தால் வாங்கு, இல்லாவிட்டால் பசை பூசாத மெல்லிய தாள் எதுவானாலும் சரி. கீழே செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரி, தரையில் இறங்கினால் போகாது. முதலில் கண்ணை வரையாதே. சாங் செங்யாவ் என்ற பழைய சீன ஓவியர் கோயில் சுவரில் கண்ணை வைத்ததும் டிராகன் பறந்துபோனதாகக் கதை. உனக்குப் பறக்காது, ஆனால் கண்ணை முதலில் வைத்துவிட்டால் உடம்பு அதற்குப் பின்னால் பயந்து பயந்துதான் வரும். படத்தை இங்கே போடு, கடற்காகம் திட்டுவார்.

கடற்காகம்:

பச்சையில் மட்டும் போடாதே தம்பி.